பாடப்புத்தகத்தின் பக்கமும் படமும்

ஆசிரியர் வாய்மொழியாற் கற்பிக்கும் பாடத்துக்குத் துணையாய், அவர் அருகில் இல்லாத வேளையிலும் மாணாக்கனுடன் இருந்து கற்பிப்பது புத்தகம். ஆசிரியர் கூறியது விளங்காதாயின் மாணாக்கன் வினாவித் தெளிவான். புத்தகத்தை வினாவுதல் இயலாது. ஆதலினாலே புத்தகமானது அவன் வினாவுமுன்னரே விடை கூறுவதாய் அமைந்திருத்தல் வேண்டும். எழுத்தின் பருமை, வரிகளின் இடைவெளி, ஓரத்தின் அகலம், தலைப்பின் நிலை, படத்தின் இடம் என்னும் இவையெல்லாம் அவ்விடைகளேயாம். இங்கே தொடங்குக, இங்கே நிறுத்துக, இது பெரும்பிரிவு, இது அதன் உட்பிரிவு, இதனை அதனோடு சேர்த்து நோக்குக என்று இவை வாய்திறவாது கற்பிக்கின்றன.

முற்காலத்திலே இவ்வமைப்பு அச்சுக்கோப்போர்க்கும் அச்சியந்திரசாலைத் தலைவர்க்கும் உரிய தொழிலாய் இருந்தது. இக்காலத்திலோ கணினி பாடசாலைகளிலே புகுந்தமையால், வினாத்தாள், பயிற்சித்தாள், மாணவர் சஞ்சிகை, ஆண்டு மலர் ஆகியவற்றை உபாத்தியாயர்களே ஆக்குகின்றனர். தொழில் கைமாறி வந்தது. தொழிலறிவு அதனோடு கூட வந்திலது. யாம் இங்கே கூறப்புகுவது சித்திரத் தொழிலின் நுட்பமன்று. உபாத்தியாயர் தம் மாணாக்கர்க்கு அளிக்கும் ஒவ்வொரு தாளையும் அவர்கள் எளிதிற் படித்துணரும்படி அமைத்தற்கு வேண்டிய நெறிகளை, அவை தோன்றிய வரலாற்றோடு சேர்த்துச் சுருக்கமாக விளக்குவாம்.

1. ஏடும் அச்சும்

பனையோலையில் நூல் எழுதிய காலத்திலே சொற்களுக்கிடையே இடம் விடுதல் வழக்கன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதலும் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஏட்டில் வேற்றுமை தோன்றாது. காலும் ரகரமும் தம்முள் மயங்கும். இவ்வாறிருந்தும் ஏடு பயன்பட்டது எவ்வாறெனின், அதனைக் கையிலெடுத்தவன் ஆசிரியரிடத்து முன்னரே பாடங் கேட்டவன் ஆதலின் என்க. ஏடு அவனுக்கு நினைவூட்டுங் கருவி மாத்திரமே. அச்சுப்புத்தகமோ, பாடங் கேளாதவன் கையிலும், பாடஞ் சொல்வார் இல்லாத ஊரிலுஞ் சென்று சேர்வது. ஆதலால் ஏட்டிலே ஆசிரியர் வாயில் இருந்த தெளிவு, அச்சிலே பக்கத்தின்மேல் வந்து அமைய வேண்டியதாயிற்று.

தமிழ் அச்சின் வரலாற்றிலே இதனைக் காட்டும் நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறுவாம். தரங்கம்பாடியிலே சீகன்பால்கு பாதிரியார் அச்சுத்தொழில் தொடங்கியபோது, தமிழெழுத்துக்கள் ஜேர்மனியில் ஹால்லே என்னும் நகரிலே வார்க்கப்பட்டு 1713ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்தமையாற் காகிதம் அளவின்றிச் செலவாயிற்று. காகிதமோ கடல் கடந்து வரவேண்டியது. ஆகவே அவர்கள் இந்நாட்டிலேயே சிறிய எழுத்துக்களை வார்ப்பித்துக்கொண்டனர். புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714ஆம் ஆண்டிலும் முழுநூல் 1715ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. எழுத்தின் பருமையைப் படிப்போன் கண் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. காகிதத்தின் விலையும் தீர்மானிக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். இவ்விரண்டுக்கும் உள்ள வழக்கு அன்று தொடங்கி இன்றுவரை ஒவ்வோர் அச்சுக்கூடத்திலும் நடந்துகொண்டே இருக்கின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பிலே உழைத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் நடந்ததையும், 1841இலே உதயதாரகை வெளிவரத் தொடங்கியதையும் கண்டவர். அவர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாடசாலைக்கு அடுத்து அச்சுக்கூடம் என்னும் இம்முறை நோக்கத்தக்கது. அவர் உரைநடையிலே நிறுத்தக்குறிகளை இட்டும், கற்போர் இடர்ப்படும் இடத்துச் சந்தி பிரித்தும், பொருள் முடியும் இடத்துப் பத்தி பிரித்தும் பதிப்பித்தார். 1852இலே வெளிவந்த பெரியபுராண வசனம் அவ்வகையது. மிஷன் பாடசாலையிலே கற்ற எம்மனோர் ஆங்கிலப் புத்தகத்திலே கண்டு வியந்த பக்கத் தெளிவை, அவர் தமிழின் இயல்புக்கு இசையத் தமிழ்ப் பக்கத்திலே ஆக்கிக்காட்டினார். பக்கத்தை அமைத்தல் அலங்காரமன்று, கற்பித்தலின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

2. எழுத்தும் வரியும்

தமிழெழுத்துக்குச் சில தனியியல்புகள் உண்டு. இகர ஈகாரக் குறிகள் எழுத்தின் மேலே வளைகின்றன. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. ஒரு வரியின் ‘கு’ என்பதன் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் ‘கீ’ என்பதன் மேல்வளைவை முட்டுமாயின், இளம்பிள்ளையின் கண் வரி தப்பும். ஆதலின் ஆங்கிலத்துக்குப் போதிய வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்தளவு 12 புள்ளியாயின், ஒரு வரியின் அடியிலிருந்து மறுவரியின் அடிவரை 18 புள்ளி விடுதல் நன்று. ஒரு புள்ளி என்பது ஓரங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. முதலிரண்டு தரத்துப் பிள்ளைகளுக்கு 18 புள்ளியிற் குறையாத எழுத்தைக் கொள்க. எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரே புள்ளியளவிலே வெவ்வேறு பருமையாய்த் தோன்றுமாதலின், எண்ணை மாத்திரம் நம்பாது, ஒரு தாளை அச்சிட்டுக் கண்ணால் நோக்கிய பின்னரே துணிக.

தமிழ்ச் சொற்கள் விகுதியும் உருபும் ஏற்று நீள்வன. ‘கற்றுக்கொண்டிருக்கின்றார்கள்’ என்பது ஒரு சொல். ஒடுங்கிய பத்தியிலே இரு பக்க ஓரங்களையும் நேராக்கப் புகின், இரண்டு நெடுஞ்சொற்களுக்கிடையே பெருவெளி தோன்றும். அவ்வெளிகள் வரிதோறும் ஒன்றன்கீழொன்றாய்ச் சேர்ந்து பக்கத்தினூடே வெள்ளைக் கோடு ஓடியது போலக் காணப்படும். இளம்பிள்ளைகளுக்குரிய தாளிலே இடப்பக்கத்தை மாத்திரம் நேராக்கி, வலப்பக்கத்தை ஏற்றத்தாழ்வாய் விடுதலே தக்கது. ஒரு வரியிலே ஏழெட்டுச் சொற்கள் அமைவது அளவு.

வரியிறுதியிலே சொல்லை முறிக்கும்போது ஒரு விதியைக் காக்க. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பது இலக்கணம். அது வரிக்கும் முதலாகலாகாது. ‘பக்கம்’ என்பதனை ‘பக்’ என நிறுத்தி மறுவரியிலே ‘கம்’ எனத் தொடங்கலாம். ‘ப’ என நிறுத்தி ‘க்கம்’ எனத் தொடங்குதல் பிழை. தமிழறியாத கணினி இப்பிழையைச் செய்யும். தமிழறிந்த உபாத்தியாயர் திருத்துதல் வேண்டும். மூன்றாந் தரம் வரையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லை முறியாதிருத்தலே மேல்.

இவை சிறு விஷயங்கள் என்று இகழற்க. ஒரு பாடசாலையிலே நான்காந் தரத்துச் சிறுவன் ஒருவன் தவணைப் பரீட்சையிலே பத்து வினாக்களுள் நான்கை விடுத்துவிட்டான். கவனமில்லாதவன் என்று அவனைக் கடிந்தனர். யாம் அவ்வினாத்தாளை வாங்கி நோக்கினோம். காகிதம் மிச்சம் பிடித்தற்பொருட்டு வினாக்களையெல்லாம் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாய் நெருக்கி, வினாவெண்ணை வரியின் நடுவே மறைத்திருந்தனர். எண்களை இடப்பக்கத்து ஓரத்திலே தனியே நிறுத்தி, ஒவ்வொரு வினாவுக்குமிடையே ஒரு வரி இடம் விட்டு, அவ்வினாக்களையே வேறொரு நாள் கொடுத்தபோது அவன் ஒன்றையும் விட்டிலன். தாளின் குற்றம் பிள்ளையின் குற்றமாய் எண்ணப்பட்டது. மந்தபுத்தி என்று பெயர் பெற்ற பிள்ளைகளுள் எத்தனை பேர் இவ்வாறு அப்பெயர் பெற்றார்களோ!

3. ஓரமும் தாளும்

பக்கத்தின் நான்கு ஓரத்திலும் வெறுமையாய் விடும் இடம் வீணிடமன்று. அது புத்தகத்தைப் பிடிக்கும் விரலுக்கும், கண் இளைப்பாறுதற்கும், குறிப்பெழுதுதற்கும் உரியது. இங்கிலாந்திலே 1891ஆம் ஆண்டிற் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவிய வில்லியம் மொறிஸ் என்பவர், பழைய கையெழுத்துப் புத்தகங்களையும் ஆதி அச்சுப் புத்தகங்களையும் ஆராய்ந்து ஒரு நெறியை வற்புறுத்தினார். திறந்த புத்தகத்திலே தோன்றும் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒன்றாகவே கருதுக. உள்ளோரம் மிகச் சிறிது. மேலோரம் அதனிற் பெரிது. வெளியோரம் அதனினும் பெரிது. கீழோரம் யாவற்றினும் பெரிது. இவ்வாறு விடுத்தால், இரண்டு பக்கத்து எழுத்துத் தொகுதிகளும் ஒன்றையொன்று அணைந்து ஒரே உருவமாய் நிற்கும். மொறிஸ் பதிப்பித்த நூல்கள் செல்வர்க்கே வாங்கத்தக்க விலையின. அவருடைய நெறியோ ஒரு சதமும் செலவு கொள்ளாதது.

அந்நெறியை அறியாது பின்பற்றுதலும் ஆகாது. அவருடைய புத்தகங்கள் நூலால் தைக்கப்பட்டு விரியத் திறப்பன. இக்காலத்து மலர்களிற் பல, முதுகிலே பசையிட்டு ஒட்டப்பட்டன. அவை விரியத் திறவா. உள்ளோரத்தைச் சிறிதாய் விட்டால், வரியின் முதலெழுத்துக்கள் முதுகின் மடிப்புக்குள்ளே புதையும். ஆதலின் ஒட்டுப் புத்தகத்துக்கு உள்ளோரத்தைக் கூட்டுக. நெறி தோன்றிய காரணத்தை அறிந்தவனே அதனை இடமறிந்து மாற்றவல்லன்.

தாளின் அளவும் அறியத்தக்கது. நாம் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. 1922ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் விதிக்கப்பட்ட இவ்வளவுமுறையிலே, தாளை நடுவே மடித்தால் வரும் பாதித் தாளும் முழுத்தாளின் வடிவ விகிதத்தையே உடையதாகும். எனவே ஏ4 தாளை மடித்துத் தைக்கும் சிறு சஞ்சிகைக்கு, பெரிய தாளிலே வரைந்த பக்கத்தைச் சுருக்கினும் உருவம் கெடாது. அவ்வாறு மடித்த ஒவ்வொரு தாளும் நான்கு பக்கம் தருமாதலின், சஞ்சிகையின் பக்கத்தொகை நான்கின் மடங்காய் இருத்தல் வேண்டும். இதனை முதலிலே கணியாதார், ஈற்றிலே வெறும்பக்கம் விட நேரும். அல்லது ஒரு பிள்ளையின் கட்டுரையைக் கடைசி நாளிலே தள்ள நேரும். பின்னையது மிகவுந் துன்பந் தருவது.

4. படம் பாடத்தைச் சேர்தல்

பிள்ளைகளுக்குரிய படப்பாடப் புத்தகங்களுள் முதன்மையாய் வைத்து எண்ணப்படுவது, மொறேவியா தேசத்தவராகிய கொமேனியுஸ் என்னும் ஆசிரியர் இயற்றி 1658ஆம் ஆண்டிலே நூரம்பேர்க் நகரில் வெளிவந்த ‘ஓர்பிஸ் பிக்தஸ்’ என்பது. ‘படவுலகம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அக்காலத்துப் பிள்ளைகள் லத்தீன் மொழியின் இலக்கண விதிகளைப் பொருளறியாது நெட்டுருச் செய்து அடியும் உண்டு வருந்தினர். அறிவு முதலிலே புலன்வழியாகவே புகும் என்று துணிந்த கொமேனியுஸ், சொல்லையும் பொருளையும் ஒருங்கே காட்டும் புத்தகம் ஒன்றை ஆக்கினார்.

அதன் அமைப்பு இது. ஒவ்வொரு பாடத்தின் மேலும் ஒரு படம் உண்டு. படத்தின் பகுதிகள்தோறும் எண்கள் இடப்பட்டிருக்கும். கீழே ஒரு புறத்தில் லத்தீன் வாக்கியமும் மறுபுறத்தில் ஜேர்மன் வாக்கியமும் இருக்கும். வாக்கியத்திலே அப்பொருளின் பெயர் வருமிடத்துப் படத்திலுள்ள அதே எண் வரும். பிள்ளை எண்ணைத் தொடர்ந்து சொல்லிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து சொல்லுக்கும் செல்வான். வானம், நெருப்பு, நீர் தொடங்கி, பறவை, விலங்கு, கைத்தொழில், அச்சுக்கூடம், பள்ளிக்கூடம் ஈறாக ஏறத்தாழ 150 பாடங்கள் உள. எழுத்துக் கற்பிக்குமிடத்தும், காகத்தின் குரலால் ‘அ’ ஒலியையும் ஆட்டுக்குட்டியின் குரலால் ‘ப’ ஒலியையும் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே அது ஆங்கிலத்தில் வந்தது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பட்டு நெடுங்காலம் வழங்கிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, படமும் அதற்குரிய வாக்கியமும் ஒரே பார்வையில் அகப்படல் வேண்டும். பக்கத்தைப் புரட்டினாற் காணப்படும் படம் பாதி பயனே தரும். இரண்டாவது, படத்துக்கும் சொல்லுக்கும் கயிறு போல ஒரு தொடர்பு வேண்டும். எண்ணாயினும், கோடாயினும், படத்தருகே எழுதிய பெயராயினும் அத்தொடர்பு ஆகலாம். மூன்றாவது, ஒரு படத்திலே ஒரு விஷயமே அமைதல் வேண்டும். கொமேனியுஸின் படங்களுட் சிலவற்றில் எண்கள் மிகுந்து நெருங்குவதுண்டு; அங்கே பிள்ளை வழி தவறுவான். நல்ல நூலின் குறையும் நமக்குப் பாடமேயாம்.

தமிழ் அரிச்சுவடிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அகரத்துக்கு அணில், ஆகாரத்துக்கு ஆடு என்று முதலெழுத்தாற் காட்டும் முறை எல்லா எழுத்துக்கும் செல்லாது. ணகரமும் ழகரமும் ளகரமும் றகரமும் னகரமும் மொழிக்கு முதலாகா. அவற்றுக்கு முதலெழுத்துத் தேடி இல்லாத சொல்லைப் படைத்தல் பிள்ளையை மயக்குவதாம். கண், வாழை, தேள், மான் என்றாற்போல எழுத்து இடையிலும் இறுதியிலும் வருஞ் சொல்லுக்குப் படமெழுதி, அவ்வெழுத்தை மாத்திரம் தடிப்பாகவேனும் வேறு வர்ணத்திலேனும் அச்சிட்டுக் காட்டுதலே நேரிய வழி. பிறமொழிப் புத்தகத்தின் அமைப்பை அப்படியே எடுத்தாள்வார்க்கு இவ்விடர் தோன்றாது, தமிழாசிரியர்க்கே தோன்றும்.

5. மரப்பாளமும் செப்புத்தகடும்

படம் பாடத்தை விட்டுப் பிரிந்ததற்கு ஒரு தொழிற் காரணமும் உண்டு. மரப்பாளத்திலே வேண்டாத இடத்தை வெட்டி நீக்கினால், நின்ற மேட்டிலே மை பற்றும். அச்செழுத்தும் மேட்டினாலேயே பதிவது. ஆதலின் மரப்பாளத்தை எழுத்தோடு சேர்த்துக் கட்டி ஒரே முறையில் அச்சிடலாம். செப்புத்தகட்டுச் சித்திரமோ பள்ளத்திலே நின்ற மையினாற் பதிவது. அதற்கு வேறு யந்திரமும் வேறு அழுத்தமும் வேண்டும். எனவே செப்புப்படங்கள் தனித்தாளிலே அச்சிடப்பட்டுப் புத்தகத்தின் இறுதியிலோ இடையிலோ செருகப்பட்டன. நுட்பம் மிகுந்தது, தொடர்பு குறைந்தது.

இங்கிலாந்திலே தோமஸ் பியூயிக் (1753–1828) என்பவர், பொக்ஸ் என்னும் வன்மரத்தின் குறுக்குவெட்டு முகத்திலே செப்புத்தகடு செதுக்கும் உளியாற் செதுக்கி, செப்புப்படத்தின் நுட்பத்தை மரப்பாளத்துக்குக் கொண்டுவந்தார். 1790இல் வெளிவந்த நாற்கால் விலங்குகளின் வரலாறும், 1797இலும் 1804இலும் இரண்டு பாகமாய் வந்த பறவைகளின் வரலாறும் அவ்வாறு அமைந்தவை. இதனாலே நுட்பமான படம் மீண்டும் பாடத்தின் அருகே வந்தது. இக்காலத்து யந்திரத்துக்குப் படமும் எழுத்தும் ஒன்றே. ஆகவே, படத்தைப் பாடத்திலிருந்து பிரித்து வைத்தற்கு இனி நமக்குக் காரணம் யாதும் இல்லை.

6. படத்தின் வாய்மை

எழுத்திலுள்ள பொய்யைப் பிள்ளை மறத்தலுங் கூடும். படத்திலுள்ள பொய் எளிதில் நீங்காது. 1515ஆம் ஆண்டிலே கூர்ச்சரத்திலிருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலிலே லிஸ்பன் நகருக்குச் சென்றது. நூரம்பேர்க் நகரிலிருந்த டியூறர் என்னும் மகாசித்திரகாரர் அதனை ஒருபோதும் கண்டவரல்லர். ஒரு கடிதத்தையும் ஒரு சிறு வரைவையும் கொண்டு மரப்பாளச் சித்திரம் ஒன்றை ஆக்கினார். தோலின் மடிப்புக்கள் இரும்புக் கவசத்தின் தகடுகள் போல அமைந்தன. இல்லாத சிறுகொம்பு ஒன்று தோளின்மேல் முளைத்தது. அச்சித்திரத்தின் அழகு காரணமாகப் பிற நூலாசிரியர்களும் அதனையே பார்த்தெழுதினர். 200 ஆண்டுக்கு மேலாக ஐரோப்பியர் மனத்திலே காண்டாமிருகம் என்றால் அவ்வுருவமே நின்றது. எழுதியவர் வல்லவர் ஆதலினாலே பிழையும் வலிதாயிற்று.

நம்மூர்ப் பாடத்தாள்களிலும் இவ்வகைப் பிழைகள் உண்டு. பனையிலே ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்பனை பாளை மாத்திரம் தரும். பெண்பனையே நுங்கும் பழமுந் தருவது. இரண்டையும் ஒரே மரத்தில் எழுதிக்காட்டுவார் உளர். பனையோலை விசிறி போல விரிவது. தென்னோலை இறகு போல நீள்வது. தென்னை மட்டையைப் பனையின் உச்சியில் வைத்து எழுதுவாரும் உளர். முற்றத்திலே பனை நிற்கும் பிள்ளை இதனைக் கண்டு, புத்தகம் பொய் கூறும் என்று அறிந்துகொள்கின்றான். அவ்வெண்ணம் ஒரு முறை புகுந்தால், அவன் கண்டறியாத பனிமலையையும் திமிங்கிலத்தையும் புத்தகம் கூறுமிடத்து எவ்வாறு நம்புவான்?

சமய பாடத்திலே கவனிக்கவேண்டியது ஒன்று. நடராஜ மூர்த்தத்திலே ஊன்றிய திருவடி வலம். எடுத்த திருவடி இடம். வலப்பின்கையில் உடுக்கையும் இடப்பின்கையில் அக்கினியும் விளங்கும். மதுரை வெள்ளியம்பலத்திலே மாத்திரம் கால் மாறி ஆடிய திருக்கோலம். கணினியிலே படத்தைப் பக்கத்தின் அழகுக்காக இடம் வலமாய்ப் புரட்டுதல் ஒரு நொடியில் ஆவது. புரட்டியவுடன் எடுத்த பாதம் மாறிவிடும், கைகளும் மாறிவிடும். முற்காலத்து மரப்பாளத்திலும், படத்தை நேராகவே வெட்டிவிட்டால் தாளில் மாறிப் பதியும். அறிந்த தொழிலாளர் எதிராகவே வெட்டினர். கருவி மாறினும் பிழை மாறவில்லை. ஆதலின் திருவுருவப் படங்களையும், தேசப்படங்களையும், மனிதவுடலின் உறுப்புப் படங்களையும் ஒருகாலும் புரட்டற்க.

7. கணினியால் ஆக்குவார்க்குச் சில விதிகள்

(அ) படத்தின்மேல் எழுத்தை அச்சிடற்க. மலர்களிலே ஆசிச்செய்தியைப் பூங்கொத்தின்மேலும் கோபுரத்தின்மேலும் அச்சிடும் வழக்கம் பரவியுள்ளது. இரண்டும் கெடுகின்றன.

(ஆ) ஒரு சஞ்சிகைக்கு எழுத்துரு இரண்டு போதும். ஒன்று பாடத்துக்கு, மற்றொன்று தலைப்புக்கு. பல எழுத்துருவைக் கலத்தல் பல குரலில் ஒருவர் பேசுதல் போலும்.

(இ) பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தமிழ் ஆங்கிலக் குறியீட்டின்மேல் ஏற்றப்பட்டிருக்கின்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். 1991ஆம் ஆண்டு முதலே தமிழுக்கு இடமளித்துள்ள யூனிக்கோட் முறையில் எழுதி வைத்தால், பின்வருவார்க்கும் பயன்படும்.

(ஈ) திரையிலே தெளிவாய்த் தோன்றும் படம் தாளிலே மங்கலாகலாம். அச்சுக்கு ஓரங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சகத்தார் கொள்ளும் அளவு. 600 புள்ளி அகலமுள்ள படத்தை இரண்டங்குலத்துக்கு மேற் பெருப்பிக்கற்க.

(உ) நிழற்பிரதி எடுத்து வழங்குந் தாளுக்குப் புகைப்படம் ஆகாது, கருமையாய்க் கலங்கிவிடும். சித்திர ஆசிரியரோ மூத்த மாணாக்கரோ கோட்டினால் வரைந்த படம் பல பிரதி எடுத்தாலும் விளங்கும்.

(ஊ) சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுடைய பிள்ளைகள் சிலர் உளர். ஆதலின் வேறுபாட்டை வர்ணத்தினால் மாத்திரம் காட்டாது, கோட்டின் வகையாலும் எழுத்தாலுங் காட்டுக.

8. முகப்பிற் குறிக்கவேண்டியவை

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முகப்பிலே நூலின் பெயர், இயற்றினார், பரிசோதித்தார், அச்சிட்ட யந்திரசாலை, ஆண்டு என்பன முறையாய் நின்றன. அவற்றுட் சில தமிழாண்டின் பெயரை மாத்திரம் தந்தன. தமிழாண்டு 60 ஆண்டுக்கொருமுறை மீளும். விகிர்தி வருஷம் என்று மாத்திரம் கூறின், 1890இல் தொடங்கியதோ, 1950இல் தொடங்கியதோ, 2010இல் தொடங்கியதோ என்று ஐயம் நிகழும். ஆதலின் தமிழாண்டோடு ஆங்கில ஆண்டையும் இலக்கத்திற் குறிக்க. இக்காலத்துப் பாடசாலை மலர்களோ பல, விருந்தினர் படங்களை முன்பக்கத்திலே நிரப்பி, ஆண்டையும் அச்சகத்தையும் மறந்துவிடுகின்றன. அட்டை கிழிந்தபின் அது எந்த ஆண்டினது என்று கூறுவார் இலர்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. பின்னர், எஞ்சியவற்றைத் தேடி எண்ணிம வடிவிற் காக்கும் நூலகம் என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டிலே தொடங்கி நடந்துவருகின்றது. அதிலே பாடசாலை மலர்களும் சேர்க்கப்படுகின்றன. ஓர் ஊரின் வரலாறு சில வேளை அவ்வூர்ப் பாடசாலை மலரிலேயே தங்கியிருக்கும். எனவே ஒவ்வொரு பதிப்பிலும் பெயரும் ஆண்டும் இதழெண்ணும் அச்சகமும் உட்பக்கத்திலே தெளிவாய்ப் பதிக. படத்தின் கீழே நிற்போர் பெயரை இடமிருந்து வலமாய் எழுதுக. சித்திரம் வரைந்த பிள்ளையின் பெயரை விடற்க. ஒரு பிரதியைப் பாடசாலையிலும், ஒரு பிரதியை வேறோரிடத்திலும் வைத்துப் பாதுகாக்க.

பயிற்சி

உபாத்தியாயர்கள் பின்வருவனவற்றைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

1. சென்ற தவணையிலே தாம் ஆக்கிய வினாத்தாள் ஒன்றை எடுத்து, வினாவெண்களை ஓரத்திலே நிறுத்தி, வரியிடைவெளி கூட்டி மீள அமைக்க. இரண்டையும் ஒரு பிள்ளையிடங் கொடுத்து, உரத்துப் படிக்குமாறு கூறி, எங்கே தடுக்குகின்றான் என்று குறிக்க.

2. பாடப்புத்தகத்திலே ஒரு படத்தை எடுத்து, அதற்குரிய வாக்கியம் எத்தனை பக்கம் அப்பால் உள்ளது என்று காண்க.

3. வகுப்பிலே ஓர் இலையையோ ஒரு காயையோ வைத்து, கண்டதைக் கண்டவாறு கோட்டினால் வரைவித்து, பகுதிகளுக்கு எண்ணிடுவித்து, கீழே அவ்வெண்களோடு கூடிய நான்கு வாக்கியம் எழுதுவிக்க. கொமேனியுஸின் முறை ஒரே பாடவேளையில் விளங்கும்.

4. பழைய மலர் ஒன்றின் அட்டையை மறைத்து, அதன் ஆண்டை உட்பக்கங்களைக் கொண்டு மாத்திரம் அறிய இயலுமோ என்று ஆராய்க.

பக்கம் செவ்விதாய் அமையின், படிப்பவன் பக்கத்தை மறந்து பொருளையே நினைப்பான். அமைத்தவர் பெயரை ஒருவரும் கூறார். ஆசிரியத் தொழிலின் இயல்பும் அத்தகையதே. வீட்டிலே வேறு புத்தகம் இல்லாத பிள்ளைக்கு நாம் கொடுக்கும் ஒற்றைத் தாளே புத்தகசாலையாம். அத்தாளை அவன் கண்ணுக்கு இனிதாயும் கருத்துக்குத் தெளிவாயும் ஆக்கிக் கொடுத்தலை நமது கடமைகளுள் ஒன்றாய்க் கொண்டு, உபாத்தியாயர்கள் யாவரும் முயல்வார்களாக.